அக்காவின் ஆட்டோவில் எரிந்த மஞ்சள் விளக்கு

என் அக்காவுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. புத்தூரில் தெலுங்கு மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள். நான் மட்டும் திருத்தணியில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்ததால் எனக்குத் தமிழ் எழுத வந்தது. அக்காவைக் கொடுத்த வீட்டிலும் ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். தெலுங்கில் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் ஒரு எலக்ட்ரிக் ஆட்டோ சர்வீஸ் ஷெட்டில் வேலை செய்கிறேன். மெக்கானிக் என்று யாராவது கூப்பிட்டால் எனக்குச் சுள்ளென்று ஏறும். டெக்னீஷியன் என்று சொல்ல வேண்டும். ஸ்பேனரைவிட லேப்டாப்பை அதிகம் பிடிக்கிறவன் என்ற திமிர் எனக்கு உண்டு. சட்டையில் கிரீஸ் படாமல் வீட்டுக்குப் போகிற நாட்களில் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

இந்த வண்டிகளில் ஏதாவது கோளாறு என்றால் ஹேண்டிலுக்கு மேலே இருக்கும் டிஸ்பிளேயில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். பக்கத்தில் ஓர் எழுத்தும் இரண்டு எண்ணும் வரும். கோளாறு முற்றினால் ஆமைப் படம் வரும். ஆமை வந்துவிட்டால் என்ன முறுக்கினாலும் வண்டி பத்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாது. லேப்டாப்பைச் சொருகினால் எந்தக் கோளாறு, முதல் தடவை எப்போது வந்தது, அப்போது வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது, அதற்குப் பிறகு எத்தனை முறை வந்தது என்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அதை ஹிஸ்டரி என்போம். கீழே ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் மொத்த ஹிஸ்டரியும் அழிந்துவிடும்.

டிரைவர்களுக்கு அந்த விளக்கைக் கண்டால் பயம். ஒருவர் அது கண்ணில் படக்கூடாது என்று அதன்மேல் பெருமாள் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு வந்தார். "இன்னாண்ணா, கம்பெனிக்கே நாமம் போட்டுட்டியா?" என்று ஷெட்டே கேட்கும்படி கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரிப்பதுபோல் செய்து, நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினார். அடுத்தவன் தலையைக் குனிய வைப்பதில் எனக்கு அப்போதெல்லாம் ஒரு ருசி இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம். வண்டிக்குள் தண்ணீர் போய் ஏதாவது கெட்டால் முதலில் குங்குமத்தைத் தேடுவோம். எங்கள் பக்கத்தில் பூஜை போடாத வண்டி ஏது? வெள்ளிக்கிழமையானால் சந்தனம், குங்குமம், மஞ்சள் தண்ணீர், எலுமிச்சம்பழம். எங்கேயாவது ஒரு மூலையில் சிவப்பு ஒட்டியிருக்கும். அதை போட்டோ எடுத்து, 'பூஜை நீர் உள்ளே புகுந்தது, வாடிக்கையாளர் தவறு' என்று எழுதிவிட்டால் வாரண்டி கொடுக்க வேண்டாம். அந்த வரியை நாங்கள் ஒவ்வொரு தடவையும் டைப்கூட செய்வதில்லை, கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருந்தோம்.

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தோம். மாமா அடுத்தவர் டீசல் ஆட்டோவைப் புத்தூருக்கும் கார்வேட்டிநகரத்துக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். மகளிர் சங்கத்தில் அக்கா பேரில் லோன் கிடைத்தபோது, எங்கள் கம்பெனி எலக்ட்ரிக் ஆட்டோவை எடுக்கச் சொன்னவன் நான்தான். வண்டியின் ஆர்.சி. அக்கா பேரில் வந்தது. அந்த வீட்டில் அக்கா பேரில் வந்த முதல் பொருள் அது.

அக்கா அதோடு நிற்கவில்லை. "கியர் இல்ல, கிளட்ச் இல்ல, கிக்கர ஒதைக்கற வேல இல்ல. இத நான் ஓட்டக்கூடாதா?" என்று ஒரு நாள் கேட்டாள். மாமா சிரித்தார். அத்தை, அதாவது அக்காவின் மாமியார், சிரிக்கவில்லை. "பொம்பள ஆட்டோ ஓட்னா ஊரு இன்னா சொல்லும்?" என்றாள். அக்கா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூல் மைதானத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டிக் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் டெஸ்டில் ஒரே தடவையில் பாஸ். அந்த அட்டை வந்த அன்றைக்கு எனக்கு போன் செய்து, "போட்டோல மூஞ்சி தூங்கற மாதிரி கீதுடா" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது கல்யாணத்துக்கு முன்னால்தான்.

விஜயதசமி அன்றைக்கு முதல் சவாரி என்று நாள் குறித்தார்கள். காலை டிரிப் மட்டும் அக்கா ஓட்டலாம், மற்றதெல்லாம் மாமா. அத்தை ஒரு நிபந்தனை போட்டாள். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அதோடு சாவியைக் கையில் தொடக்கூடாது. அக்கா ஒத்துக்கொண்டாள். அவளுக்கு என்ன பயம், வண்டியைப் பார்த்துக்கொள்ளத் தம்பி இருக்கிறான்.

தசராவுக்கு மூன்று வாரம் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, மாமா வண்டியைச் சர்வீசுக்குக் கொண்டுவந்தார். பின்னால் மோட்டாருக்கு மேலே ஒரு ஒயர் இணைப்பு உண்டு. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட வேண்டும். அதற்குள் ஒரு ஆரஞ்சு நிற ரப்பர் வளையம் இருக்கும், விரலில் போட்டால் மோதிரம் அளவு. தண்ணீர் உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். அன்றைக்கு ஷெட்டில் ஒன்பது வண்டிகள். வளையத்தைக் கழற்றி டூல் பாக்ஸ் மூடிமேல் வைத்தேன். மாமா, "மச்சான், லேட்டாவுது, சவாரி போய்டும்" என்று பக்கத்திலேயே நின்று நச்சரித்தார். இணைப்பை மாட்டி, மூடி, லேப்டாப்பில் சரி பார்த்து அனுப்பிவிட்டேன். வளையம் டூல் பாக்ஸ் மூடிமேலேயே இருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது.

மறுநாளே அக்கா போன் செய்தாள்.

"டேய் தம்பி, வண்டில லைட்டு எரியுதுடா. பி நாப்பத்திரெண்டுனு காட்டுது."

"மழ பேஞ்சிதா?"

"நேத்து அவுரு திருப்பதிலருந்து வந்துக்கினு இருக்கசொல்லவே புடிச்சிக்கிச்சி. ராவெல்லாம் பேஞ்சிது."

"சாவிய ஆப் பண்ணி, பத்து எண்ணிட்டு ஆன் பண்ணு. போய்டும்."

"அது பண்ணேன்டா, போய்டுச்சி. காலண்டர்ல எழுதி வெச்சிக்கீறேன், நீ சொன்ன மாதிரி."

எழுதி வைக்கச் சொன்னது நான்தான். விளக்கு எரிந்தால் அந்தத் தேதியில் நம்பரை எழுதுங்கள், மழையா வெயிலா என்று எழுதுங்கள் என்று வண்டி எடுக்கிற எல்லாரிடமும் சொல்வோம். ஒருத்தரும் எழுத மாட்டார்கள். அக்கா எழுதினாள்.

அடுத்த பத்து நாளில் மூன்று தடவை போன் செய்தாள். மூன்றாவது தடவை நான் ஷெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் ஆட்கள். போனை ஸ்பீக்கரில் போட்டேன், கை காலியாக இல்லை என்று ஒரு சாக்கு. அக்கா காலண்டரைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தாள். புதன் ஒரு தடவை, மழை. சனி ரெண்டு தடவை, மழை. திங்கள் ஒரு தடவை, தூறல். "மழ பேஞ்சா மட்டும்தான்டா வருது. வெயில் அடிச்சா வரல. தண்ணி எங்கியோ உள்ள போவுதோ இன்னாவோ, ஒரு தபா வந்து பாரேன்டா" என்றாள்.

சரியாகச் சொன்னாள். பத்தாவது படித்தவள், ஒரு காலண்டரை வைத்துக்கொண்டு, லேப்டாப் வைத்திருக்கிறவன் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை.

"யக்கா, நீ வண்டி ஓட்டப் போறியா, இல்ல வண்டிக்கு ஜாதகம் எழுதப் போறியா?"

ஷெட்டே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். அது அந்தப் பக்கம் கேட்டிருக்கும். "யாருடா அங்க, எல்லாரும் கீறாங்களா?" என்று கேட்டாள். அப்புறம் "சரிடா, வெச்சிடறேன்" என்றாள். அதற்குப் பிறகு விளக்கு எரிகிறது என்று அவள் எனக்கு போன் செய்யவே இல்லை.

விஜயதசமி அன்று நான் அங்கே இல்லை. மாமாவும் அத்தையும் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். முந்தின நாள் நல்ல மழை. காலையில் வெயில் வந்துவிட்டது. அக்கா புதுப் புடவை கட்டி, வண்டிக்கு மாலை போட்டு, பெருமாள் கோவிலுக்குப் போகிற ஐந்து பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். மாமா பைக்கில் பின்னாலேயே போனார். ஊர் எல்லை தாண்டியதும் மஞ்சள் விளக்கு வந்தது. சாவியை அணைத்துப் போட்டாள், போய்விட்டது. ஏரிக்கரைத் திருப்பத்தில் ஆமை வந்தது. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். அக்கா இடதுபக்கம் ஒதுங்கப் பார்த்தபோது மோட்டார் ரெண்டு உதறு உதறி நின்றது. முன்சக்கரம் ஓரத்துச் சேற்றில் இறங்கி வண்டி சாய்ந்தது. ஒரு அம்மாவுக்கு நெற்றியில் வீக்கம், வேறொன்றும் இல்லை. ஐந்து பேரும் கோவிலுக்கு நடந்தே போனார்கள். போகும்போது என்னென்ன பேசிக்கொண்டு போனார்களோ, சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதே பேச்சு.

வண்டியை மினி லாரியில் ஏற்றி ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். என் பெயருக்கே வேலைச் சீட்டு போட்டார்கள். நான்தான் சர்வீஸ் செய்தவன், நான்தான் பார்க்க வேண்டும்.

இணைப்பைக் கழற்றினேன். உள்ளே செம்பு முனைகளில் களிம்பேறிப் பச்சை பூத்திருந்தது. வளையம் இல்லை. அது இருக்க வேண்டிய பள்ளம் காலியாக இருந்தது. டூல் பாக்ஸை எடுத்து அடித்தட்டு வரைக்கும் கொட்டினேன். பழைய பியூஸ்களுக்கும் ஸ்க்ரூக்களுக்கும் நடுவில் அது கிடந்தது. மூடிமேல் வைத்தது உள்ளே சறுக்கி விழுந்திருக்கிறது. அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டேன்.

லேப்டாப்பைச் சொருகினேன். பி 42, இருபத்தேழு முறை. முதல் தடவை எப்போது வந்தது என்று பார்த்தேன். சர்வீஸ் முடிந்து ஐம்பத்திரண்டாவது கிலோமீட்டரில். அதற்கு முன்னால் ஆறு மாசம் ஒரு விளக்கும் எரிந்ததில்லை. அத்தனை வெள்ளிக்கிழமைகளிலும் அக்கா பூஜை போட்டிருக்கிறாள். இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

அறிக்கையில் காரணம் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். தயாரிப்புக் குறை, சர்வீஸ் குறை, வாடிக்கையாளர் தவறு. ஒன்றில் டிக் போட வேண்டும். அதற்கு முந்தின மாதம்தான் இரண்டாவது கட்டத்தில் டிக் விழுந்து ஒருத்தனுக்கு வேலை போனது. அவன் மூடி ஒன்றைச் சரியாக இறுக்கவில்லை, அவ்வளவுதான். மேனேஜர் அவன் யூனிபாரத்தை எல்லார் முன்னாலும் கழற்றி வாங்கினார். எனக்கு அப்போது திருத்தணிப் பக்கம் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்டதற்கு அக்காதான், "எலக்ட்ரிக் வண்டில பெரிய டெக்னீசியன்" என்று பதில் சொல்லியிருந்தாள்.

நான் செய்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இணைப்புக்குள் குங்குமம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. எப்படி இருக்கும்? அக்கா பூஜை போடுவது முன்பக்கம். ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீர் வைத்துக்கொண்டு மாவிலையால் நாலு சொட்டுத் தெளிப்பாள், அவ்வளவுதான். இணைப்பு இருப்பது பின்னால், சீட்டுக்குக் கீழே. எழுந்து முன்பக்கம் போனேன். கண்ணாடிக்குக் கீழே அக்கா வைத்த பொட்டு விஜயதசமிக் காலையில் வைத்தபடியே இருந்தது. அதை ஆள்காட்டி விரலால் வழித்தேன். வந்து இணைப்பின் உள்வாயில் அழுத்தினேன். போட்டோ எடுத்தேன். மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டு, தயாராக இருந்த அந்த வரியைச் சேர்த்தேன். பிறகு லேப்டாப்பில் கீழே இருந்த பட்டனை அழுத்தினேன். இருபத்தேழும் போய்விட்டது.

மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏமய்யா, பூஜ நீள்ளேனா?" என்றார், பூஜைத் தண்ணீர்தானா என்று.

"அவுனு சார்" என்று ஆமாம் போட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். என் விரலில் இருந்த சிவப்பை பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன். சோப்புப் போட்டும் நகக்கண்ணில் இரண்டு நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். தபாலில் அனுப்பியிருக்கலாம். மாமாவிடம் போனில் சொல்லியிருக்கலாம். நேரில் போய் நானே சொன்னால் சந்தேகம் வராது என்று போனேன். கூடத்தில் மாமா, அத்தை, மாமாவின் தம்பி மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா சமையல்கட்டு வாசலில் நின்றாள்.

"வாரண்டி குடுக்க மாட்டாங்க மாமா. தண்ணி உள்ள போயிட்டுக்கீது. குங்குமம் கூட கீது பாருங்க" என்று அறிக்கையில் அச்சாகியிருந்த போட்டோவைக் காட்டினேன்.

மாமா அதை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "மச்சான், நீயே சொல்லு. இவ ஊத்தன தண்ணியா?"

"ஆமா மாமா."

அத்தை அதற்காகவே காத்திருந்தாள். "நான் அப்பவே சொன்னேன்டா, வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம வண்டிய குளிப்பாட்டாதடினு. கேட்டாளா? பொட்டு வெச்சி பொட்டு வெச்சே வண்டிய துன்னுட்டாளே, மூதேவி!"

அக்கா மெதுவாகத்தான் பேசினாள். "நான் பின்னாடி ஊத்தவே இல்லியே. முன்னாடி தான தெளிப்பேன். அதுவும் மாவெலையில."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது நான், சரியாகத் தெரியவில்லை, இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை இழுத்திருந்தால்கூட போதும். நான் கத்தினேன்.

"முன்னாடி ஊத்தினா பின்னாடி போவாதா? ஒயரு எங்கருந்து எங்க போவுதுனு உனுக்கு தெரியுமா? எலக்ட்ரானிக்ஸ் பத்தி உனுக்கு இன்னா தெரியும்? ரெண்டு நம்பர காலண்டர்ல கிறுக்கினா இஞ்சினியரா நீ?"

மாமாவின் தம்பி 'களுக்' என்று சிரித்தான். அக்கா முன்னால் வந்து மாமா கையிலிருந்த காகிதத்தை வாங்கினாள். எழுத்து இங்கிலீஷ், அது அவளுக்கு அவ்வளவாக ஓடாது. போட்டோவை மட்டும் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு காகிதத்தை நாலாக மடித்து மாமாவிடம் கொடுத்தாள்.

"சரி. நாந்தான்" என்றாள்.

வண்டியின் ரெண்டாவது சாவி அவள் முந்தானையில் முடிச்சுப் போட்டு இருந்தது. அத்தை எழுந்து வந்து அந்த முடிச்சைத் தானே அவிழ்த்தாள். முடிச்சு இறுகி இருந்ததால் பல்லால் கடித்து அவிழ்த்தாள். அக்கா முந்தானையை அத்தைக்கு வாட்டமாக நீட்டிக்கொண்டு நின்றாள். சாவியை அத்தை சின்ன மகனிடம் தூக்கிப் போட்டாள்.

அன்றைக்கு எனக்குக் கோழிக்குழம்பு. அக்காதான் பரிமாறினாள். "இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்கடா, வெயில்ல வந்துக்கீற" என்றாள். நான் நன்றாகச் சாப்பிட்டேன். சாப்பிட முடியவில்லை, தொண்டையில் இறங்கவில்லை என்றெல்லாம் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நன்றாகத்தான் இறங்கியது.

கெட்டுப்போன மோட்டார் பாகத்தை மாற்ற அவர்கள் எதை விற்றார்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. புது வளையத்தை நானே மாட்டினேன். மூன்று தடவை தடவிப் பார்த்தேன். ஷெட்டில் ஹோஸ் பைப்பை வைத்து ஒரு மணி நேரம் இணைப்பின்மேல் தண்ணீர் அடித்தேன், ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. ஐப்பசி மழை முழுக்க அந்த வண்டி ஓடியது. விளக்கு எரியவே இல்லை. மாமாவின் தம்பி காலை டிரிப் ஓட்டினான். விளக்கு எரியாததற்கும் அந்த வீட்டில் காரணம் அக்காதான். அவள் பூஜை நின்றது, வண்டி நல்லாயிற்று என்றாள் அத்தை, தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம்.

வெள்ளிக்கிழமை அக்கா வண்டிப்பக்கம் வரக்கூடாது என்றார்கள். பிறகு எந்தக் கிழமையும் வரக்கூடாது என்று ஆனது. பிறகு ஏறி உட்காரவும் கூடாது. சங்கக் கூட்டத்துக்கும் புத்தூர் ஆஸ்பத்திரிக்கும் அவள் பஸ்ஸில் போனாள். ஆர்.சி. மட்டும் இன்னும் அவள் பேரில்தான் இருக்கிறது. எனக்கு இதெல்லாம் மாமா போனில் சிரித்துக்கொண்டே சொன்னது. நானும் "விடு மாமா, பொம்பளைங்க அப்டித்தான்" என்று சிரித்திருக்கிறேன்.

தை மாசம் என் கல்யாணம். அம்மா இல்லை. நைனாவுக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடியாது. எங்கள் வழக்கப்படி முதல் பத்திரிகை கூடப்பிறந்தவளுக்கு. பொட்டு வைத்து அழைக்கப் பெண்கள் யாரும் இல்லாததால் குங்குமச் சிமிழையும் நானே எடுத்துக்கொண்டு போனேன்.

மத்தியானம். அத்தை ரேஷனுக்குப் போயிருந்தாள். மாமாவும் தம்பியும் சவாரி. அக்கா வாசலில் சாக்கு விரித்து, கூலிக்குப் புளி தட்டிக்கொண்டிருந்தாள். சுத்தியலால் தட்டி, கொட்டையை எடுத்து ஒரு பக்கம், சதையை ஒரு பக்கம் போட வேண்டும். சிதறிய கொட்டைகளை ஒரு பிளாஸ்டிக் அட்டையால் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அது என்ன அட்டை என்று பார்த்தேன். அவளுடைய லைசென்ஸ். ஓரமெல்லாம் புளி ஏறிக் கறுத்துவிட்டது. தூங்குகிற மாதிரி இருக்கும் முகம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது.

"இன்னாக்கா, இத போய் இதுக்கு வெச்சிக்கீற" என்றேன்.

"நல்லா வாருதுடா. வளைய மாட்டேங்குது" என்றாள்.

தட்டில் பத்திரிகை, வெற்றிலை, பழம் வைத்து நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், நல்லா அடிச்சிருக்காங்க என்றாள். நான் சிமிழைத் திறந்து குங்குமத்தில் விரலை வைத்தேன், அவள் நெற்றிக்குக் கொண்டுபோக. அவள் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நீ வெக்காத."

"ஏங்க்கா?"

அவள் என் விரலையே பார்த்தாள். "குங்குமத்துல தண்ணி பட்டா கரையும்டா. ஓடும், வழியும். நீ கொண்டாந்த போட்டோல இருந்தது காஞ்ச குங்குமம். ஒரு வெரலு வெச்சி அமுக்கனது. ரேகைகூட தெரிஞ்சிது."

விரலை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எப்பக்கா தெரியும்?"

"பேப்பர வாங்கிப் பாத்தனே, அப்பவே."

"அப்புறம் ஏன் நாந்தான்னு சொன்ன?"

சுத்தியலை எடுத்து ஒரு புளியைத் தட்டினாள். கொட்டையை எடுத்துப் போட்டாள். "சொன்னா உன் வேல பூடும். பொண்ணு வூட்ல கல்யாணத்த நிறுத்திடுவாங்க. அதான் ஒத்துக்கினேன். அதுக்கப்புறம் நீயே வந்து சொல்லுவனு பாத்தேன். ஐப்பசில பாத்தேன். கார்த்திகைல பாத்தேன். நீ போன் பண்ணி அவுருகூட சிரிச்சிக்கினு இருந்த. நான் பக்கத்துலதான்டா நின்னுக்கினு இருந்தேன்."

"இப்ப சொல்லட்டுமாக்கா? மாமாகிட்ட நான் இப்பவே சொல்றேன்" என்றேன். கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. அவள் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டுமே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேதான் கேட்டேன். என் முகத்திலேயே அது தெரிந்திருக்கும்.

அக்கா எழுந்து உள்ளே போனாள். போன வருஷத்துக் காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். வருஷம் மாறியும் அவள் அதைத் தூக்கிப் போடவில்லை. என் முன்னால் விரித்து, அந்தச் செவ்வாய்க்கிழமையைக் காட்டினாள். கட்டத்துக்குள் தெலுங்கில் 'தம்பி சர்வீஸ்' என்று சின்னதாக எழுதியிருந்தது. மறுநாள் கட்டத்தில் 42. அங்கிருந்து விஜயதசமி வரைக்கும் மழை பெய்த கட்டத்தில் எல்லாம் 42. அந்தச் செவ்வாய்க்கு முன்னால் எல்லாக் கட்டமும் சுத்தமாக இருந்தது. வெள்ளிக்கிழமைகள் உட்பட.

திரும்பச் சுருட்டி என் மடியில் வைத்தாள்.

"எட்த்துக்கினு போ" என்றாள். "இதையும் அழிச்சிடு."

நான் அதை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். மாமா வரும்வரை உட்கார்ந்திருக்கலாம். அத்தை தெருமுனையில் வருவது தெரிந்தது. காலண்டரைப் பத்திரிகைக் கட்டோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கல்யாணத்துக்கு அவர்கள் வீட்டிலிருந்து ஏழு பேர் அந்த ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அக்கா பஸ்ஸில் வந்தாள்.